எஸ்தர் மஹ்லாங்குவும் நம் வீட்டுக் கோலமும்: பிள்ளைகள் கையில் அளவுகோல் கொடுக்கலாமா?

வராந்தாக்காரி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

இந்த இணைய மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிக்கலோடு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 6 வயது முதல் 12 வயது வரை 23 பிள்ளைகள். எழுத்துப் பலகையை எடுத்தால் கொட்டாவி, வண்ணப் புட்டியை எடுத்தால் கண் விரிகிறது. அதனால் இந்த ஆண்டு விழாவுக்கு தென்னாப்பிரிக்க ஓவியர் எஸ்தர் மஹ்லாங்குவின் சுவரோவியங்களைப் பார்த்து ஆளுக்கொரு பலகை தீட்டச் சொல்லலாம், கீழே தரையில் கோலம் போடச் சொல்லலாம் என்று திட்டம் போட்டேன்.

முதல் வாரம் தப்பு என்னுடையது. ஒரு வடிவத்தின் வெளிக்கோட்டை அச்செடுத்து, வண்ணம் நிரப்பக் கொடுத்தேன். 23 தாளும் மின்கட்டண ரசீது மாதிரி ஒன்றுபோலவே வந்து விழுந்தன. அடுத்த வாரம் வெறுந்தாள் கொடுத்தேன். உடனே "டீச்சர், அளவுகோல்?" என்று ஒரே கூச்சல். இல்லை என்றதும் ஒரு பெண்குழந்தை தன் கோடு வளைந்துவிட்டது என்று தேம்பித் தேம்பி அழுதாள். விழாக்குழுவில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எதற்கு இந்த வம்பு? ஒட்டுநாடாவை ஒட்டி, இடையில் வண்ணம் அடித்து, உரித்துவிடுங்கள். கோடு கத்திபோல நிற்கும். விருந்தினர் வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

டோங்காட் கரும்பு

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். என் வாக்கு அளவுகோலுக்கே. அந்த அம்மையாரின் ஓவியத்தைப் பாருங்கள்: இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுவே வலப்பக்கம். முக்கோணம், படிக்கட்டு, இணைகோடு எல்லாம் வடிவியல். வடிவியலைக் கருவியில்லாமல் கற்பிப்பது நீச்சலைக் கட்டாந்தரையில் கற்பிப்பது போல. அழுத பிள்ளைக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்திருந்தால் அழுகை நின்றிருக்கும், படமும் முடிந்திருக்கும். ஒட்டுநாடா மட்டும் வேண்டாம், அது சோம்பேறித்தனம்.

ஊடுபுள்ளி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மாஸ்டர், வணக்கத்தோடு மறுக்கிறேன். நான் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள்.

எஸ்தர் மஹ்லாங்கு அளவுகோல் தொடுவதில்லை. பென்சிலால் முன்வரைவு போடுவதும் இல்லை. கோழியிறகைக் கறுப்பு வண்ணத்தில் தோய்த்து, சுவரைக் கண்ணால் அளந்து, கோட்டை இழுத்துவிடுகிறார். நீங்கள் சொன்ன அந்த இடமும் வலமும் முழுக்க முழுக்கக் கைக்கணக்கு. 1989இல் பாரிஸின் பொம்பிடூ மையத்தில் நடந்த பெரிய கண்காட்சிக்கு அவரை அழைத்தபோது தன் வீட்டைப் போலவே ஒரு வீட்டை அங்கே கட்டித் தீட்டினார். 1991இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஓவியக் கார் வரிசைக்கு ஒரு 525i காரைத் தீட்டினார், அந்த வரிசையில் தீட்டிய முதல் பெண்ணும் அவர்தான். காரின் முகப்பு வளைவில் எந்த அளவுகோலை வைக்க முடியும்?

இன்னொன்று இந்த இழைக்கு நேராகவே பொருந்துகிறது. தன் வீட்டு முற்றத்தில் அவர் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். வண்ணம் கலப்பது, இறகைப் பிடிப்பது, அளவுகோல் இல்லாமல் நேர்கோடு இழுப்பது, இவைதான் அங்கே பாடம். அக்கா, உங்கள் குழுவினரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றீர்களே, இதைச் சொல்லுங்கள். நாடாவை ஒட்டினால் அவருடைய படம் வரலாம், அவருடைய பாடம் அங்கே இருக்காது.

மிட்ராண்ட் மதுரைக்காரன்

நான் இந்த நாட்டுக்கு வந்து 4 ஆண்டுகள்தான் ஆகின்றன, தவறாக எதுவும் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வகுப்பில் எதற்கு ஜூலு ஓவியம்? பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே இரண்டு மணி நேரம். கோலமே கடல் மாதிரி கிடக்கிறது. புகழ்பெற்ற ஓவியர்தான் வேண்டும் என்றால் ரவிவர்மா இருக்கிறார். தவிர, பிறருடைய பாரம்பரியத்தை எடுத்து நம் மேடையில் வைப்பது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது.

மெரிபேங்க் ஆயா

தம்பி, ரவிவர்மாவின் லட்சுமி என் பூசையறையில் ஐம்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். அந்தப் புடவை மடிப்பைப் பார்த்து வரையச் சொன்னால் ஒரு பிள்ளை இல்லை, 23 பிள்ளையும் அழும்.

லாடியம் செவிலி (பிரிட்டோரியா)

மதுரைத் தம்பிக்கு முதலில் ஒரு திருத்தம். அது ஜூலு இல்லை, என்டெபெலே என்ற வேறொரு இனத்தாருடையது. டர்பனில் பிறந்த நம் ஆட்களே இந்தத் தப்பைச் செய்கிறார்கள், நீங்கள் செய்ததில் வியப்பில்லை. நான் வேலை நிமித்தமாக ம்புமலங்கா மாகாணத்தின் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பல ஆண்டுகள் போய்வந்தவள். மஹ்லாங்கு பிறந்தது 1935இல், மிடல்பர்க் அருகே. வாழ்வது மபோக்கோ கிராமத்தில்.

தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்கிறேன். 1882-83இல் அந்த மக்கள் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களோடு போரிட்டுத் தோற்றார்கள். தலைவர் நியாபேலாவைச் சிறையில் தள்ளினார்கள். நிலத்தைப் பறித்து, குடும்பங்களைப் பிரித்து, வெள்ளையர் பண்ணைகளுக்கு 5 ஆண்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். 5 ஆண்டு! இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களில் யாருக்காவது உள்ளே ஏதாவது அசைந்ததா? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததிலிருந்து நம் பாட்டன் பூட்டன்கள் கைநாட்டு வைத்த கரும்புத் தோட்ட ஒப்பந்தமும் பெரும்பாலும் 5 ஆண்டுதான். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். நம்மவர் படித்துப் பார்க்காமலாவது ஒரு தாளில் விரல் பதித்தார்கள். அவர்களிடம் யாரும் தாள்கூட நீட்டவில்லை. ஆனால் பண்ணையில் சிதறிக் கிடந்த பெண்கள் தங்கள் மண்சுவரில் "இது எங்கள் வீடு" என்று எழுதிவைத்தார்கள். தோட்டத்து வரிசை வீட்டில் நம் கிழவிகள் வாசலில் மாவை எடுத்து அதையே செய்தார்கள். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? நம் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அவர்கள் மொழியான இசிந்தெபெலே ஆட்சிமொழி, தமிழ் மதித்து வளர்க்கவேண்டிய மொழி. இரண்டின் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

பாரம்பரியத்தை எடுப்பது சரியா என்ற கேள்வி நல்ல கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. என் அளவில்: அவர் பெயரையும் அவர் இனத்தின் பெயரையும் பலகையில் எழுதுங்கள், பிள்ளைகளின் வாயால் சரியாகச் சொல்ல வையுங்கள். விழாவில் நாள்காட்டியாகவோ சட்டையாகவோ அச்சடித்து விற்காதீர்கள். யாராவது அந்த யோசனையோடு வருவார்கள், பாருங்கள்.

வராந்தாக்காரி

வந்துவிட்டார்கள், அக்கா. நாள்காட்டிதான்!

மெரிபேங்க் ஆயா

எனக்குக் கண் சரியில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

என் அம்மா கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர். மண்தரை. வெள்ளிக்கிழமை என்றால் சாணி மெழுகி அரிசிமாவில் கோலம். முன்வாசல் கோலம் என் ஆயாவின் கைக்கு மட்டும் உரியது. என் அம்மா சின்னப்பெண்ணாக இருந்தபோது முன்வாசலில் ஒரு நாள் கை வைத்துவிட்டாராம். "லட்சுமி வரும் வழியில் கிறுக்காதே" என்று அதட்டிப் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி பக்கம், யார் கண்ணிலும் படாத இடம். அங்கே மாவுக்குப் பதில் சாம்பலால் போட்டுப் பழகவேண்டும். கை பதிந்துவிட்டது என்று ஆயாவே ஒரு நாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் முன்வாசல். என் அம்மாவுக்கு இரண்டு வருடம் ஆனதாம். எனக்கு அதைவிட அதிகம், நான் மந்தம்.

மெரிபேங்கில் எங்களுக்கு சிமெண்ட் வராந்தா, சிவப்பு பாலிஷ் போட்டது. அதில் வெள்ளைக் கோலம் எடுப்பாக இருக்கும், ஆனால் மாவு விரலிலிருந்து சறுக்கிக்கொண்டு ஓடும். இப்போது பேத்தியின் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கோலம். எறும்புக்குக்கூடப் பிரயோசனம் இல்லை.

ஊடுபுள்ளி

ஆயா! நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மஹ்லாங்கு தன் பத்தாவது வயதை ஒட்டிய கதை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அம்மாவும் பாட்டியும் சுவர் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு இளைப்பாறப் போவார்கள். அந்த நேரம் பார்த்து இந்தச் சிறுமி இறகை எடுத்துச் சுவரில் தொடர்ந்துவிடுவாள். அவர்கள் திரும்பி வந்து பார்த்தால் திட்டு. கடைசியில் "உனக்கு வேண்டுமானால் வீட்டின் பின்சுவரில் தீட்டு" என்று இடம் கொடுத்தார்கள். பின்சுவரில் போட்டுப் போட்டுக் கை தேர்ந்த பிறகு முன்சுவருக்கு அழைத்தார்கள். தனக்கு ஓவியம் வரும் என்று தனக்கே தெரிந்தது அப்போதுதான் என்பார். 2024இல் கேப்டவுன் தேசிய ஓவியக் கூடத்தில் அவருடைய வாழ்நாள் கண்காட்சிக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்திருந்தார்கள்.

தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மிடல்பர்க்கில் ஒரு பின்சுவர்.

வராந்தாக்காரி அக்கா, உங்கள் தொல்லை அளவுகோல் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பிலேயே முன்வாசலைக் கொடுத்துவிட்டீர்கள். விருந்தினர் பார்க்கும் பலகை, ஆண்டு விழா, மேடை. அந்தக் குழந்தை வேறு என்ன செய்யும்? அழத்தான் செய்யும். வகுப்புக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒன்று இருக்குமே, அங்கே என்ன இருக்கிறது?

வராந்தாக்காரி

குப்பைத் தொட்டி இரண்டு. ஒரு குழாய். பாசி படிந்த சுவர், என் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.

டோங்காட் கரும்பு

பின்சுவர் யோசனையை ஏற்கிறேன். ஆனால் கணக்கில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிறீர்களே, அது என்ன? ஒன்பது புள்ளி, எட்டு, ஏழு என்று இறங்குகிறீர்களே, அது அளவுகோல் இல்லாமல் வேறென்ன? நம் கிழவிகள் புள்ளியில்லாமல் சிக்குக் கோலம் போட்டதை நான் பார்த்ததில்லை.

ஊடுபுள்ளி

நல்ல அடி, மாஸ்டர். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை எதை வைத்து அளந்தார்கள்? விரல் தாண்டும் தூரம், அவ்வளவுதான். குள்ளமான பெண்ணின் கோலம் நெருக்கமாக இருக்கும், உயரமானவள் கோலம் அகன்றிருக்கும். தவிர, புள்ளியே இல்லாத படிக்கோலம் இருக்கிறதே? பச்சரிசியை அரைத்துக் கரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் மாவு வழிய வழிய இரட்டைக் கோடாக இழுத்து, ஓரத்தில் காவி கட்டுவோமே. என்டெபெலே சுவருக்குப் பக்கத்தில் எந்தக் கோலத்தை வைத்தால் பொருந்தும் என்று என்னைக் கேட்டால் படிக்கோலம்தான். நமக்குக் காவிக் கரை, அவர்களுக்குக் கறுப்புக் கரை. சிக்குக் கோலத்தின் வளைவு அந்த நேர்கோட்டோடு ஒட்டாது.

டோங்காட் கரும்பு

சாண் கணக்கு சரி. ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளைச் சுவரைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். நடுவைக் கண்டுபிடிக்க ஒரு கயிற்றை இரண்டாக மடித்தால் போதும். இதையாவது அனுமதிப்பீர்களா?

வராந்தாக்காரி

கயிறு மடிக்கலாம் மாஸ்டர், நீங்களே வந்து மடியுங்கள்!

இதற்குள் அடுத்த சண்டை. கோழியிறகு கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினேன். எங்கள் வகுப்பு நடப்பது கோயிலை ஒட்டிய கூடத்தில். "கோயில் வளாகத்துக்குள் கோழியிறகா? நாங்கள் சைவம்" என்று ஒரு தாயார் கொதித்துவிட்டார். இன்னொருவர் நோய்க்கிருமி வரும் என்கிறார். இரண்டாவதற்கு மருந்து உண்டு: சோப்பு நீரில் ஊறவைத்து, அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் சரி. முதலாவதற்கு?

மெரிபேங்க் ஆயா

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எத்தனை வீட்டுப் பின்பக்கம் சேவல் கூவாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும். தைப்பூசத்துக்குக் காவடி முழுக்க மயிலிறகு கட்டிக்கொண்டு அதே கோயிலுக்குள்தானே ஆடிக்கொண்டு போகிறோம்? முருகனுக்கு மயிலும் உண்டு, சேவலும் உண்டு. கொடியில் இருப்பது யார் என்று அந்தத் தாயாரைக் கேட்டுப் பாருங்கள்.

லாடியம் செவிலி

ஆயா வென்றார். இருந்தாலும் சண்டை வேண்டாம் என்றால் ஒரு வழி சொல்கிறேன். டர்பனில் புல்வெளி இருக்கும் இடமெல்லாம் விடியற்காலையில் ஹடீடாப் பறவை கத்தித் தொலைக்கிறதே, அது உதிர்த்துவிட்டுப் போகும் இறகு கிடைக்கும். யாரும் எதையும் கொல்லவில்லை. கழுவுவது மட்டும் கட்டாயம்.

வண்ணம் பற்றியும் ஒன்று. பழைய சுவர்களில் சுண்ணாம்பு வெள்ளை, புகைக்கரி, செம்மண், காவி மண், இவ்வளவுதான். நீலம் வேண்டும் என்றால் துணிக்குப் போடும் சலவை நீலம். கடைப் பெயிண்ட் வந்த பிறகுதான் அந்தக் கண்ணைப் பறிக்கும் பச்சையும் சிவப்பும் வந்தன. மஹ்லாங்குவே இப்போது அக்ரிலிக் வண்ணத்தில்தான் தீட்டுகிறார். அதனால் "பாரம்பரியம்" என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேற்றில் தள்ளவேண்டியதில்லை, ஆனால் நான்கு நிறத்தோடு தொடங்குவது நல்லது. வடிவங்களும் அப்படித்தான். பழைய சுவர்களில் சவர பிளேடு இருக்கும், பிறகு மின்விளக்கு வந்தது, விமானமும் வந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் சுவரில் ஏற்றிய பெண்கள் அவர்கள். உங்கள் பிள்ளைகள் கண்ணில் படுவதையும் ஏற்றச் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் மதுரைக்காரன்

நான் என் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் பதில் கிடைத்துவிட்டது. ஒரு திருத்தம் மட்டும்: மின்கம்பி, ஏ.டி.எம்., வேகத்தடை என்று வரைந்தால் குழுவினர் ஒப்புக்கொள்வார்களா?

வராந்தாக்காரி

மூன்று சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன்.

முதல் நாள் சுவரைத் தேய்த்துக் கழுவுவதிலேயே போய்விட்டது. மறுவாரம் வெள்ளை பி.வி.ஏ. பெயிண்ட் அடித்தோம். பிறகு கரும்பு மாஸ்டர் உண்மையாகவே டோங்காட்டிலிருந்து வந்து இறங்கினார், கையில் கயிற்றோடு. பிள்ளைகள் சாணால் அளந்தார்கள். 6 வயதுக்காரன் இடப்பக்கத்தை அளந்தான், 12 வயதுக்காரன் வலப்பக்கத்தை. இடப்பக்கம் பதினான்கு சாண், வலப்பக்கம் ஒன்பது. இரண்டு பேரும் தான் சொன்னதுதான் சரி என்று அடம். மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அந்தப் படிக்கட்டு இப்போது ஒரு பக்கம் பொடிப்படியாகவும் மறுபக்கம் பெரும்படியாகவும் இறங்குகிறது. யாரும் திருத்தவில்லை.

இறகு ஒரு கோட்டுக்குத்தான் வண்ணம் பிடிக்கும். பாதியில் தீர்ந்துவிடும், மறுபடி தோய்த்து விட்ட இடத்தில் தொடங்கவேண்டும். மூச்சை அடக்காமல் அது நடக்காது. 23 பிள்ளைகள் வாய் பேசாமல் இருந்ததை இந்த வகுப்பில் நான் முதல்முறையாகக் கேட்டேன், கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அழுத பெண்குழந்தை குழாய்க்கு அருகில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். கோடு வளைந்தது. நின்று பார்த்தாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கோட்டை அதே வளைவோடு இழுத்தாள். பிறகு மூன்றாவது. இப்போது அது வளைந்த கோடு இல்லை, அலை.

கார் படத்தைக் காட்டியபோது ஒருவன் கேட்டான்: "காருக்கா டீச்சர் கோலம் போட்டார்கள்?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஊடுபுள்ளி மன்னிக்கவேண்டும். அவன் சுவரில் டாக்சி வேன் ஒன்று இருக்கிறது, உள்ளே பதினெட்டு தலை. மதுரைத் தம்பி, உங்கள் வேகத்தடையும் வந்துவிட்டது.

கூடத்தைப் பெருக்கும் ஜூலு அம்மா குப்பையைப் போட வந்தவர் நின்றுவிட்டார். இது எங்களுடையது இல்லை, என்டெபெலே என்றார். ஆமாம், எஸ்தர் மஹ்லாங்கு என்று பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். "ஹ்லா" சரியாக வரவில்லை. அவர் பத்து நிமிடம் நின்று நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று கற்பித்தார். எனக்கும் இப்போதுதான் வருகிறது.

விழாவுக்குப் பலகை உண்டா என்றால், உண்டு. முன்பக்கம் தீட்ட யார் தயார் என்று கேட்டதற்கு ஏழு பேர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் பின்சுவர் போதும் என்றார்கள். ஒட்டுநாடா இல்லை. நாள்காட்டியும் இல்லை, அதற்கு நான் கொஞ்சம் குரலை உயர்த்தவேண்டியிருந்தது. குழுவில் அந்த அன்பர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரே ஒரு குறை. சலவை நீலம் தேடி மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை.

மெரிபேங்க் ஆயா

என்னிடம் நான்கு கட்டி இருக்கிறது, துணியில் முடிந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போகும் வழியில் வந்து வாங்கிக்கொள். எட்டு மணிக்கு முன்னால் வராதே, பூசையில் இருப்பேன். அந்த அலை போட்ட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, என் வராந்தா சும்மாதான் கிடக்கிறது.